பதினாறு அடித் தண்ணீரும் ஒரு சின்னக் கமராவும்

வவுனியாக் கடையில் பெட்டியை என் முன்னால் வைத்தவர், "ஆருக்கு ஐயா, பேரப்பிள்ளைக்கோ?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றேன்.

அவர் என்னை இன்னொரு தடவை பார்த்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் குடை, எழுபத்து மூன்று வயது. பிறகு பெட்டியைத் திறந்தார்.

கலியாண வீடுகளில் படம்பிடிக்கிறவர்கள் கழுத்தில் தொங்கவிடுகிற கமராவைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு கையால் தூக்க முடியாத கனமும் முன்னால் ஒரு முழக் குழாயும். மேசையில் இருந்ததோ ஒரு சின்னச் சாமான். என் உள்ளங்கைக்குள் பாதி மறைந்துவிட்டது.

"இது பிள்ளையள் விளையாடுறதோ?"

"இல்லை ஐயா. எஸ்.எல்.ஆர். தான். பெரிசில இருக்கிறதெல்லாம் இதுக்குள்ளயும் இருக்கு. முதல்முதல் பழகிறவைக்கு இதுதான் சரி."

முதல்முதல் பழகுகிறவன் என்று என்னைப் பார்த்து யாரும் சொல்லி நாற்பது வருடமாவது இருக்கும். அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். உள்ளே ஒரு சின்ன யன்னல். அதற்குள் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை, அதன் ஓரத்தில் உரிந்திருந்த பெயின்ற் உட்பட, அப்படியே இருந்தது. கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் யாரிடமோ எதையோ கேட்டு நிற்கிறார்கள் என்றுதான் தோன்றும். இதை அப்படிப் பிடிக்க முடியாது. கண்ணோடு சேர்த்து, முழங்கையை விலாவில் ஊன்றி, நிமிர்ந்து நின்றுதான் பிடிக்கவேண்டும்.

பொத்தானை அழுத்தினேன். அலுமாரிக் கொக்கி விழுகிறதுபோல ஒரு சத்தம். செய்து முடித்துவிட்டேன் என்று சொல்லுகிற சத்தம். அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

இந்த வயதில் எனக்கு ஏன் கமரா என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் கனகராயன்குளத்திலிருந்து உள்ளே ஏழு கட்டை தூரம். குளத்துக்கு நெடுவிளாங்குளம் என்று பெயர். நான் நீர்ப்பாசனப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றும் பதின்மூன்று வருடமாகிறது. இந்த அப்புத்துரை சொன்ன அளவு என்றால் அதை இன்னொருவர் போய்ப் பார்ப்பதில்லை. போன பங்குனி மாதம்வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த மாதம் சிறுபோக விதைப்புக்கான ஆயத்தம் பேசக் கமக்கார அமைப்பின் நிருவாகக் குழு கூடியது. குளத்தில் பதினாறு அடி தண்ணீர் நின்றால் கடைசி வாய்க்கால்வரை விதைக்கலாம். பதினைந்து என்றால் மூன்றாம் வாய்க்காலோடு நிறுத்தவேண்டும். கடைசி வாய்க்காலில் இருக்கிற நாற்பது குடும்பத்துக்கு அந்தப் போகம் இல்லை. செயலாளர் சுகிர்தன் எழுந்து, பதினைந்து அடி என்று வாசித்தார்.

"பதினாறு" என்றேன் நான்.

"பலகையில பதினைஞ்செண்டுதான் கிடக்கு. நீர்ப்பாசனக் கந்தோரிலயும் அதைத்தான் பதிஞ்சிருக்கினம்."

"பலகை பிழை. துருசில பாரும்."

எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் சுகிர்தனின் வயது இருக்கும். ஆனால் சபையில் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை போன வருசம் கண் ஒப்பரேசன் செய்தவர். ஒண்டு கூடத் தெரியுதாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

"அதோட, கடைசி வாய்க்காலில ஆரின்ர காணி கிடக்குதெண்டு எங்களுக்குத் தெரியாதே?" என்றார்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு வேலை தேடிக்கொண்டார்கள்.

கடைசி வாய்க்காலில் கிடப்பது என் மகள் கௌசலாவின் புருசன் சதீசின் காணி. சதீஸ் சுடலைமுத்துவின் மகன். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். எங்களுடையது மீசாலையிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். கௌசலா எனக்கு ஒரே பிள்ளை. ஆறு வருடத்துக்கு முன்னர் அவள் தானாகத் தெரிவுசெய்த மாப்பிள்ளை அவர். மணவறையில் நின்று செய்யவேண்டியது எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தேன். ஆனால் சம்பந்தி வீட்டில் நான் ஒருநாளும் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. இது ஊருக்கெல்லாம் தெரியும். தெரிந்தும், அந்த வீட்டுக்காக அப்புத்துரை ஒரு அடியைக் கூட்டிச் சொன்னான் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

சொன்னது மட்டுமில்லை. சுகிர்தன் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: 'திரு. அப்புத்துரை கூறிய நீர்மட்டம் ஐயத்துக்குரியது.' என் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை யாரும் எழுதியதில்லை. என் தகப்பன் பெயருக்குப் பக்கத்திலும் எழுதியதில்லை. அதிகாரிகள் வருகிற பெரிய கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

விசயம் இதுதான். துருசு என்பது குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற கொங்கிறீற் கோபுரம். அது தண்ணீருக்குள் நிற்கிறது. அதன் குளத்துப் பக்க முகத்தில், கட்டின காலத்திலேயே, அடிக் கணக்கு வெட்டியிருக்கிறது. குளக்கட்டில் நிற்கிறவருக்கு அது தெரியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு முன்னர் திருத்தவேலை நடந்தபோது படிக்கட்டோடு ஒரு மஞ்சள் பலகையை நட்டார்கள். நட்டவர்கள் அடியில் கிடந்த ஒரு கல்லைக் கிளப்பப் பஞ்சிப்பட்டு அதன்மேலேயே வைத்து இறுக்கிவிட்டார்கள். பலகை ஒரு அடி உயர்ந்துவிட்டது. உயர்ந்த பலகை தண்ணீரை ஒரு அடி குறைத்துச் சொல்லும். அப்போதே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

சதீஸ் தன் கைபேசியில் இரண்டையும் படம் எடுத்துக் கொண்டுபோய்ச் சுகிர்தனிடம் காட்டியிருக்கிறார். என்னிடம் கேட்டுப் போகவில்லை. சுகிர்தன் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "இது எண்ணோ பாசியோ?" என்று கேட்டாராம். அதைக் கௌசலா வந்து சொன்ன அடுத்தநாள்தான் நான் வவுனியா பஸ்சில் ஏறினேன்.

வீட்டில் என் மனிசி விமலேஸ்வரி பெட்டியையும் கமராவையும் மாறி மாறிப் பார்த்தா.

"இந்தச் சின்னனுக்கோ இவ்வளவு பெரிய பெட்டி?"

"சின்னனெண்டாலும் எஸ்.எல்.ஆர்."

"அது என்னவாம்?"

"கண்ணில வைச்சுப் பாக்கிற சாதி."

"இதைக் கழுத்தில போட்டுக்கொண்டு சபைக்குப் போனா இன்னும் சிரிப்பினம். அதையும் யோசிச்சுக்கொண்டு போங்கோ."

கமராவோடு வந்த கைந்நூலை இரண்டு நாள் இருந்து வாசித்தேன். திணைக்களச் சுற்றறிக்கையை வாசிக்கிற மாதிரி, கோடு போட்டு வாசித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் நேர்மையான ஆங்கிலம். முதல் படம் குசினி வாசலில் நின்ற விமலேஸ்வரி. வெயிலில் முழுவதும் வெளிறி, சீலைக் கரை மட்டும் வந்திருந்தது. "நல்லது, இந்தப் பழஞ்சீலையோட நிண்டது நானில்லை எண்டு சொல்லலாம்" என்றா. இரண்டாவது படம் தேசிக்காய் மரம். முன்னால் இருந்த ஒரு இலையில் நரம்புகூட எண்ணலாம். பின்னால் வேலி, கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் நெய்போல உருகிக் கிடந்தது.

விமலேஸ்வரி அதை நெடுநேரம் பார்த்தா. "கலியாண அல்பத்தில வாறமாதிரி இருக்கு."

அவவுக்கு அது வடிவு. எனக்கு வடிவு தேவையில்லை. கிட்ட நிற்கிற துருசும் தூர நிற்கிற பலகையும் ஒரே படத்தில், ஒரே தெளிவில் வரவேண்டும். திரும்பக் கைந்நூலுக்குப் போனேன். கண்ணாடிக்குள் ஒளி நுழைகிற துளையைச் சுருக்கினால் கிட்டவும் தூரவும் சேர்ந்து தெளியும் என்று இருந்தது. துளை சிறுக்கச் சிறுக்க அதன் எண் பெருக்கும். தலைகீழான கணக்கு. ஆனால் பழகினால் பிழைக்காது. மூன்றாம் நாள் பின்னேரம் அதே தேசிக்காய் மரத்தை எடுத்தேன். இலையும் இருந்தது, மாட்டுக்கொட்டிலின் ஓலைக் கீறும் இருந்தது.

மிச்சம் இருந்தது வள்ளம். துருசின் முகத்தைப் பார்ப்பதானால் குளத்துக்குள் போகவேண்டும். எங்கள் குளத்தில் மீன்பிடிக்கிற வள்ளம் வைத்திருப்பவர்களில் எனக்கு மறுக்கமாட்டார் என்று தெரிந்தவர் ஒருவர்தான். சுடலைமுத்து.

வியாழக்கிழமை காலை அவர் வீட்டுப் படலையில் நின்று செருமினேன். முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் மனிசி கமலேஸ்வரி கதிரையைத் துடைத்துவிட்டு உள்ளே போனா.

"வாங்க சம்பந்தி. யாருக்கும் சொகமில்லையா?"

"எல்லாருக்கும் சுகம். உங்கட வள்ளம் வேணும். நாளைக்குக் காலமை."

"மீன் வேணும்னா நானே கொண்டாந்து தருவேனே."

கமராவை எடுத்துக் காட்டி விசயத்தைச் சொன்னேன். அவர் அதை வாங்காமல், குனிந்து பார்த்தார்.

"கைக்கொழந்தை மாதிரி இருக்கு. இது அந்தச் செயலாளரைச் சாய்க்குமா?"

"அவரைச் சாய்க்கிறது என்ர வேலையில்லை. அளவைக் காட்டுறதுதான் வேலை."

"வள்ளத்துல வேட்டியோட ஏறுவீங்களா?"

"நீங்கள் ஆட்டாமப் பிடிச்சா ஏறுவன்."

தேத்தண்ணி வந்தது. கமலேஸ்வரி அதை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, குடிக்கிறேனோ என்று பார்க்காமல் இருப்பதற்காக முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. குடித்தேன். இஞ்சி கூடுதலாகப் போட்டிருந்தது.

அடுத்தநாள் ஆறு மணிக்கு வள்ளம் துருசடிக்குப் போய்ச் சேர்ந்தது. காற்று இல்லை. குளம் சீமெந்துத் தரை போலக் கிடந்தது. அந்த நேரத்தை வேண்டுமென்றே தெரிவுசெய்திருந்தேன். ஏழு மணிக்குக் கச்சான் காற்று எழும்பினால் அலை வரும், அலை வந்தால் நீர்மட்டம் இரண்டு விரல் ஏறி இறங்கும்.

சுடலைமுத்து துருசின் முகத்தைப் பார்த்தார். வெட்டியிருந்த எண்களின்மேல் பாசி படர்ந்திருந்தது. "ஒரு தேங்காப்பொச்சு போட்டுத் தேச்சா பளிச்சுன்னு வந்திடும் சம்பந்தி."

"கையே வைக்கக்கூடாது. வைச்சா, நாங்களே எழுதி வைச்சது எண்டுவினம்."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

அது எனக்கும் தெரியவில்லை. யன்னலுக்குள் பார்த்தேன். பச்சையும் சாம்பலும்தான் தெரிந்தன. எண் இருக்கிறது என்று தெரிந்த எனக்கு எண் தெரிந்தது. தெரியாதவனுக்குத் தெரியாது. முதல் படத்தை எடுத்துப் பின்பக்கத்துத் திரையில் பெருப்பித்துப் பார்த்தோம்.

"தொருசு கொஞ்சம் முழிச்சிருக்கு. பலகை தூங்குது" என்றார் சுடலைமுத்து.

துளையைச் சுருக்கினேன். ஒளி குறைந்தது, கமரா மெதுவாகக் கண் மூடியது, அதற்குள் வள்ளம் அசைந்துவிட்டது.

"இப்ப ரெண்டும் தூங்குது."

"நீங்கள் கதைக்கிறது நிண்டா வள்ளமும் நிக்கும்" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு, தடியைச் சேற்றுக்குள் ஊன்றி, வள்ளத்தை அதோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். நான் ஒளியுணர்வு எண்ணை இரண்டு படி கூட்டினேன். பிறகு காத்திருந்தோம்.

ஆறரைக்குப் பிறகு சூரியன் மருதமரங்களுக்கு மேலே வந்தது. வெளிச்சம் துருசின் முகத்தில் நேரே விழவில்லை, ஓரமாக, உரசிக்கொண்டு விழுந்தது. அப்போது நான் பார்த்ததை இப்போதும் சரியாகச் சொல்லமுடியும். பாசிக்குள் கிடந்த வெட்டுக்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் நிழல் இறங்கியது. பதினெட்டு வந்தது. பதினேழு வந்தது. தண்ணீர் தொட்ட இடத்தில் பதினாறு கறுப்பாக எழும்பி நின்றது. யாரோ அந்த நேரத்தில் உளிகொண்டு வெட்டிவிட்டுப் போனதுபோல. பின்னால் மஞ்சள் பலகையின் பதினைந்தும் அதே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூச்சை நிறுத்தி அழுத்தினேன். அலுமாரிக் கொக்கி ஐந்து தடவை விழுந்தது.

திரையில் பெருப்பித்தோம். தண்ணீர்க் கோடு படத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஓடியது. இந்தப் பக்கம் பதினாறு, அந்தப் பக்கம் பதினைந்து. பாசியின் மயிர்கூடத் தெரிந்தது. பலகைக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கல்லின் முதுகுகூட மங்கலாகக் கிடந்தது.

சுடலைமுத்து திரையில் படாமல் விரலைக் கோட்டோடு நகர்த்திக்கொண்டு போனார். "ஒரே தண்ணி. ரெண்டு கணக்கு."

"தண்ணி சரிஞ்சு நிக்காது. பலகைதான் ஏறி நிக்குது."

"கைக்கொழந்தை பேசிருச்சு சம்பந்தி" என்றார். கரை வரும்வரைக்கும் இரண்டுபேரும் தேவைக்கு மேல் நிமிர்ந்து இருந்தோம் என்று குளக்கட்டில் நின்ற சதீஸ் பிறகு கௌசலாவுக்குச் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை பெரிய கூட்டம். மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். முன்னால் அதிகாரிகள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் கஜனி என்று ஒரு பிள்ளை, வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுகிர்தன் எழுந்து அன்றைய அளவு பதினைந்து என்று வாசித்தார். மூன்றாம் வாய்க்காலோடு நிறுத்துவதென்று தீர்மானம் எழுதப் பேனாவைத் திறந்தார்கள். பின்வரிசையில் இருந்த கடைசி வாய்க்கால்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

நான் எழும்பினேன். கமரா கழுத்தில் இருந்தது.

"அண்ணை, கலியாணம் ஏதும் நடக்குதோ இஞ்ச?" என்றார் சுகிர்தன். சிரிப்பு எழுந்தது. "கமராவும் சின்னப்பிள்ளையளின்ர போல கிடக்கு."

"சின்னன்தான்" என்றுவிட்டுக் கஜனியிடம் திரும்பினேன். "பிள்ளை, இதுக்குள்ள ஒரு படம் இருக்கு. வெள்ளிக்கிழமை காலமை ஆறு நாப்பதுக்கு எடுத்தது. சுவரில போட்டுப் பாருங்கோ."

கஜனி கமராவின் நினைவு அட்டையை வாங்கித் தன் கணினியில் போட்டா. சுவரில் குளம் வந்தது. துருசு ஆளுயரத்துக்கு மேலே நின்றது. சிரிப்பு ஓயவில்லை. அவ துருசைப் பெருப்பித்தா. பிறகு இன்னும் பெருப்பித்தா. கைபேசிப் படம் என்றால் அந்த இடத்தில் உடைந்து சிதறியிருக்கும். இது உடையவில்லை. எண் வளர்ந்துகொண்டே போனது, ஓரம் கூராகவே இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுத்துக்கூட்டுகிற மாதிரி, "பதினாறு" என்றது. படம் நகர்ந்தது. தண்ணீர்க் கோட்டோடு போய்ப் பலகையில் நின்றது. இந்த முறை பல குரல் சேர்ந்து, "பதினைஞ்சு" என்றன.

தீர்மானம் எழுதத் திறந்த பேனாவை மூடிவைத்தார்கள்.

"துருசில பிழையா வெட்டியிருக்கலாம்தானே" என்றார் சுகிர்தன். குரல் முன்புபோல இல்லை.

"துருசு கட்டேக்க வெட்டினது" என்றா கஜனி. "வரைபடம் எங்களிட்ட இருக்கு. பலகைதான் பிறகு நட்டது." அவ அங்கேயே தொலைபேசியை எடுத்து, குளத்தில் நின்ற தன் ஊழியரைக் கூப்பிட்டு, துருசுக்குள் அளவுத்தடியை விட்டு அடித்தளத்திலிருந்து அளந்து சொல்லச் சொன்னா. அரை மணித்தியாலம் எல்லாரும் இருந்தோம். தேத்தண்ணி வந்து ஆறிப்போனது. யாரும் வெளியே போகவில்லை.

தொலைபேசி அடித்தது. அவ கேட்டுவிட்டு எழுந்து நின்றா.

"பதினாறு அடி, ஒரு அங்குலம் குறைவு. நாலு நாளில வத்தினது அவ்வளவுதான். கடைசி வாய்க்கால்வரை விதைக்கலாம்."

பின்வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியதால் கதிரைகள் பின்னுக்கு உதைபட்டன. யாரோ என் தோளைப் பிடித்தார்கள். யாரோ கமராவைத் தொட்டுப் பார்த்தார்கள். விதைநெல்லைப் பற்றி அப்போதே சண்டை தொடங்கிவிட்டது. நான் கதிரையில் இருக்கவில்லை.

"என்ர அலுவல் முடியேல்லை" என்றேன்.

எழும்பியவர்கள் திரும்பக் கதிரைகளில் இருந்தார்கள்.

"செயலாளர், அந்தப் புத்தகத்தை எடும். போன கூட்டத்தில என்ர பேருக்குப் பக்கத்தில ஒண்டு எழுதினனீர்."

சுகிர்தன் புத்தகத்தை விரித்தார். "அதை வெட்டிவிடுறன் அண்ணை. மனசில வைச்சிருக்காதேங்கோ."

"வெட்டவேண்டாம். வெட்டினா, வெட்டினதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு ஆக்கள் தேடுவினம். அது அப்பிடியே கிடக்கட்டும். அதுக்குக் கீழ நான் சொல்லச் சொல்ல எழுதும்."

அவர் பேனாவை எடுத்தார்.

"'அளந்து பார்த்ததில் திரு. அப்புத்துரை கூறிய பதினாறு அடியே சரியென உறுதியாயிற்று.' எழுதியாச்சோ? அடுத்த வசனம். 'கடைசி வாய்க்காலில் அவருடைய மருமகன் சுடலைமுத்து சதீசுக்கு இரண்டு ஏக்கர் காணி உண்டு. அது தெரிந்தே அவர் அந்த அளவைக் கூறினார்.' இப்ப வாசியும். பின்வரிசைக்குக் கேக்கவேணும்."

சுகிர்தன் எழுந்து நின்று வாசித்தார். மருமகன் என்ற சொல் என் வாயிலிருந்து ஒரு சபையில் வந்தது அதுதான் முதல் தடவை. சதீஸ் சுவரோடு சாய்ந்து நின்றவர், சாய்வை விட்டு நேராக நின்றார்.

வாசித்து முடியப் பின்வரிசையில் சுடலைமுத்து கையை உயர்த்தினார்.

"ரெண்டே கால் ஏக்கர் சம்பந்தி. ரெண்டு இல்ல."

"எழுதும்" என்றேன். "ரெண்டே கால்."

சுகிர்தன் திருத்தி எழுதினார். அதையும் வாசிக்கச் சொன்னேன்.